பூசானில் பதினெட்டு நாட்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் பாடம் எடுத்தபோதே மணி அடித்த பிறகும் விடாதவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு காபியைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

தென்கொரியாவில் பூசான் நகரத்துக்குப் போய்விட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. போட்டோக்களைப் போட்டதும் நிறையப் பேர் கேட்டீர்கள். எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, சைவக்காரர்கள் பிழைக்க முடியுமா, எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்று. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போட என் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை. ஆகவே மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஓர் உண்மை. நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் மகள் அங்கே மூன்று வருடமாக ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். உங்கள் சார் காலமான பிறகு, "தனியா கிடந்து என்ன செய்யப் போறீங்க மைனி, புள்ளைய வரச் சொல்லுங்க, ஒரு கல்யாணத்தை முடிச்சு வைங்க" என்று எல்லோரும் சொன்னீர்கள். நானும் அதையே நினைத்தேன். அவளோ வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். எட்டு மாதம் எங்களுக்குள் சரியான பேச்சில்லை. தினமும் போனில் "சாப்ட்டியா?" என்பேன். "சாப்ட்டேன்" என்பாள். அவ்வளவுதான். நேரில் போய்க் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று அக்டோபர் கடைசியில் விமானம் ஏறினேன். கைப்பையில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய ஜாதக நகலும் இருந்தது.

இனி பாடத்துக்கு வருவோம்.

போவது எப்படி: சியோலுக்குப் பக்கத்தில் இருக்கும் இஞ்சோன் விமான நிலையத்தில் இறங்கி, சியோல் நிலையத்தில் கேடிஎக்ஸ் அதிவேக ரயில் பிடித்தேன். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரம். இரண்டேமுக்கால் மணி நேரத்துக்குள் பூசான். வேறு நாட்டில் விமானம் மாறி வருபவர்களுக்கு, பூசானுக்கே உரிய கிம்ஹே விமான நிலையத்துக்கு நேராக வரவும் வசதி உண்டு. இறங்கியதும் போக்குவரத்து அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் அதைத் தொட்டால் போதும். இறங்கும்போதும் தொட மறக்கக் கூடாது. வழி கேட்க கூகுள் மேப்பை நம்ப வேண்டாம். நடந்து போகும் வழியை அது அங்கே சரியாகக் காட்டவில்லை. நேவர் மேப் என்று அவர்களுடைய செயலி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்குவது: மகளுடைய அறை ஒரு பீரோவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அதனால் முதல் பத்து நாள் சோம்யோன் பகுதியில் சின்ன விடுதியில் தங்கினோம். மெட்ரோவின் 1-ஆம், 2-ஆம் தடங்கள் சந்திக்கும் இடம் சோம்யோன். எங்கே போவதென்றாலும் சுலபம். கடலைப் பார்த்துக்கொண்டு எழ வேண்டுமென்றால் ஹேயுண்டே அல்லது குவாங்கல்லி கடற்கரை. ஹேயுண்டேயில் வாடகை அதிகம். சந்தைகளைச் சுற்றுவதுதான் நோக்கம் என்றால் நம்போ-தோங். தரையில் மெத்தை விரித்துப் படுக்கும் அறை கிடைத்தால் விடாதீர்கள். தரைக்கு அடியிலிருந்து சூடு வரும். ஒந்தோல் என்பார்கள். என் முழங்கால் வலிக்கு அதைவிட நல்ல தைலம் இல்லை. எழுந்திருப்பதுதான் கஷ்டம்.

அமைதி வேண்டுபவர்களுக்கு 678-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட போமோசா என்ற மலைக்கோயிலில் ஓர் இரவு தங்கும் ஏற்பாடு உண்டு. விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுவார்கள். சாப்பாடு முழுச் சைவம். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. சத்துணவுக் கூடத்தில் நான் உங்களைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வருகிறதா?

இப்போது கொஞ்சம் சரித்திரம். இது தெரியாமல் பூசானைப் பார்த்தால் கண்ணாடிக் கட்டடமும் கடற்கரையும்தான் தெரியும்.

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. வடகொரியப் படை இறங்கி வர, நாடே தெற்கு நோக்கி ஓடியது. கடைசியில் விழாமல் நின்றது தென்கிழக்கு மூலையில் கொஞ்சம் நிலம். அதன் துறைமுகம் பூசான். போர் நடந்த மூன்று வருடத்தில் ஏறத்தாழ ஆயிரம் நாட்கள் இதுதான் நாட்டின் தற்காலிகத் தலைநகரம். லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்தார்கள். சமவெளியில் இடம் இல்லை. மலைச்சரிவெல்லாம் தகரமும் அட்டையும் வைத்துக் குடிசை போட்டார்கள். இன்று பூசானில் நாம் ருசித்துச் சாப்பிடும் பாதிப் பண்டங்களும், படம் எடுத்துக்கொள்ளும் பாதி இடங்களும் அந்த மூன்று வருடத்தில் பிறந்தவை.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மில்ம்யோன் என்று ஐஸ் மிதக்கும் குளிர்ந்த ரசத்தில் நூடுல்ஸ். வடக்கே மரக்கோதுமை மாவில் செய்து சாப்பிட்டுப் பழகியவர்கள் அகதியாக வந்தபோது அந்த மாவு கிடைக்கவில்லை. நிவாரணமாக வந்த அமெரிக்கக் கோதுமை மாவில் செய்து பார்த்தார்கள். ஊர் ஞாபகத்துக்குச் செய்தது இந்த ஊர்ப் பெருமையாகிவிட்டது. தெய்ஜி குக்பாப் என்பது பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்த வெள்ளைக் குழம்பில் சோறு. ஒரு கிண்ணம் ஏறத்தாழ 10,000 வோன், நம் காசுக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல். பன்றி சாப்பிடுபவர்கள் சோம்யோன் சந்தைத் தெருவுக்குப் போகலாம். நான் ஒரு வாய் குழம்பு மட்டும் குடித்துப் பார்த்தேன். உடம்பு சரியில்லாத நாளில் நம் வீட்டில் வைக்கும் ஆட்டுக்கால் சூப்பின் தூரத்துச் சொந்தம்.

மீனுக்கு ஜகல்ச்சி சந்தை. நான் தூத்துக்குடிக்காரி. மீன் சந்தையில் என்னை யாரும் அசத்திவிட முடியாது என்று நினைத்துப் போனேன். அசந்துவிட்டேன். தொட்டி தொட்டியாக உயிர் மீன், நண்டு, ஆக்டோபஸ், பெயர் தெரியாத ஜந்துக்கள். கீழ்த்தளத்தில் நாமே பொறுக்கி எடுத்துக் கொடுத்தால் மேலே சமைத்துத் தருவார்கள், அதற்குத் தனிக் காசு. வியாபாரம் செய்பவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். போர்க் காலத்தில் ஆண்களை இழந்த குடும்பங்களைத் தாங்கிய பெண்கள் இங்கே கூடை வைத்து உட்கார்ந்தார்கள். இன்றும் 'ஜகல்ச்சி அஜிமே' என்றால் அந்த ஊரில் ஒரு தனி மரியாதை, கொஞ்சம் பயமும். சந்தையின் வாசகம் பூசான் வட்டார வழக்கில் "ஓய்சோ, போய்சோ, சாய்சோ". வாங்க, பாருங்க, வாங்கிக்கோங்க. நம் தமிழில் 'வாங்க' என்ற ஒரே சொல்லில் முதலும் கடைசியும் அடங்கிவிடும் என்று மகளிடம் சொன்னேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்தது அங்கேதான், மீன் வாடைக்கு நடுவில்.

சைவக்காரர்களுக்கு: கஷ்டம்தான், ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம். "கோகி" என்றால் இறைச்சி. "கோகி வேண்டாம்" என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீனைப் போடுவார்கள். கிம்ச்சியில்கூடப் பெரும்பாலும் இறால் அல்லது நெத்திலி ஊறிய சாறு இருக்கும். குழம்புகளுக்கு நெத்திலித் தண்ணீர்தான் அடிப்படை. கறியும் முட்டையும் இல்லாத பிபிம்பாப் கேட்டு வாங்கலாம். பூசணிக் கஞ்சி, சிவப்புப் பயறுக் கஞ்சி, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் கிடைக்கும். கோயில் உணவகம் என்று பலகை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகலாம். சோங்ப்யோன் என்று அறுவடைத் திருநாளுக்குச் செய்கிற அரிசிப் பண்டம் ஒன்று உண்டு. அரிசி மாவுக்குள் எள்ளும் இனிப்பும் வைத்து, அரை நிலா மாதிரி மடித்து, பைன் இலை மேல் ஆவியில் வேக வைப்பது. வாயில் போட்டதும் என் அம்மா வைக்கிற பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை. ஹலால் பார்க்கும் என் மாணவர்களுக்கு, 1-ஆம் தடத்தில் துசில் நிலையத்துக்கு அருகில் பள்ளிவாசல் இருக்கிறது. பக்கத்திலேயே சாப்பாடும் கிடைக்கும்.

உணவகத்தில் தொட்டுக்கொள்ள வைக்கும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் பன்சான். தீர்ந்தால் மறுபடி கேட்கலாம், காசு கிடையாது. தண்ணீர் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. நான் வைத்த காசை எடுத்துக்கொண்டு ஒரு பெண் தெருமுனை வரை ஓடி வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

கடை வீதி: ஜகல்ச்சிக்கு எதிர்ப்பக்கம் தெருவைக் கடந்தால் திரைப்பட விழாவின் பெயர் கொண்ட பிஃப் சதுக்கம். அங்கே சியாத் ஹொத்தோக் சாப்பிடாமல் வரக் கூடாது. எண்ணெயில் பொரித்த இனிப்பு அப்பத்தின் வயிற்றைக் கிழித்து சூரியகாந்தி விதை, பூசணி விதையெல்லாம் அள்ளித் திணித்துக் கொடுப்பார்கள். நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் சாப்பிடத் தெரிந்தவர் பாக்கியவான். அதை ஒட்டி குக்ஜே சந்தை. 1945-இல் ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் கையில் இருந்ததை விற்கத் தொடங்கிய இடம். போர்வை, பாத்திரம், துணி எல்லாம் மலிவு. அடுத்தது புப்யோங் சந்தை. அதற்கு 'தகர டப்பா சந்தை' என்று பெயர். அமெரிக்கப் படையிடமிருந்து வந்த டப்பா உணவுகள் விற்ற காலத்துப் பெயர். சாயங்காலத்துக்கு மேல் இரவுச் சந்தை கூடும். மீன் அரைத்துச் செய்யும் ஓமுக் அங்கே சூடாகக் கிடைக்கும்.

நான் அதிக நேரம் நின்றது போசு-தோங் பழைய புத்தகச் சந்தில். போரின்போது வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி பெட்டியைக் கவிழ்த்து வைத்துப் பழைய பத்திரிகைகள் விற்றதில் தொடங்கியது என்கிறார்கள். அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து ஓடி வந்த பள்ளிகளும் கல்லூரிகளும் மலையில் கூடாரம் போட்டு வகுப்பு நடத்தின. அந்தப் பிள்ளைகள் இந்தச் சந்தில் பாடப்புத்தகம் வாங்கினார்கள், காசில்லாதபோது அதையே விற்றார்கள். கூடாரத்திலும் பாடம் நடத்திய அந்த முகம் தெரியாத ஆசிரியர்களுக்காக அங்கே ஒரு நிமிடம் நின்றேன். ஒரு பழைய நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கினேன். ஒரு எழுத்தும் தெரியாது. கணக்கு மட்டும் புரிந்தது.

இப்போது முக்கியமான இரண்டு இடங்கள். இரண்டும் பெரிய அழகு இல்லை. பயணக் குறிப்புகளில் ஒரு வரிதான் இருக்கும்.

ஒன்று, நாற்பது படிக்கட்டு. ஜுங்ஆங்-தோங்கில் ஒரு சாதாரணக் கல் படிக்கட்டு. நடுவில் ஒருவர் அக்கார்டியன் வாசிப்பது போல ஒரு சிலை. அகதிகள் இதைச் சுற்றித்தான் குடியிருந்தார்கள். காணாமல் போன சொந்தங்களைத் தேடி இந்தப் படிகளில் வந்து உட்கார்ந்திருப்பார்களாம்.

இன்னொன்று யோங்தோ பாலம். 1934-இல் திறந்தது. கப்பல் போக வழிவிட்டு ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். 1966-இல் தூக்குவதை நிறுத்தினார்கள். புதுப்பித்து 2013-இல் மறுபடி தொடங்கினார்கள். நாங்கள் பார்த்தது ஒரு சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு. போகும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். சாலையே எழுந்து நிற்பதைப் பார்க்கக் குழந்தைகளோடு பெரிய கூட்டம்.

போரில் ஓடும்போது ஒருவரை ஒருவர் பிரிய நேர்ந்தால், "பூசானுக்குப் போ, யோங்தோ பாலத்தில் சந்திப்போம்" என்று சொல்லிக்கொண்டார்களாம். அவர்களில் பலருக்குப் பூசானில் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். வந்து சேர்ந்தவர்கள் பாலத்தடியில் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். வராதவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க, பாலத்தின் கீழேயே வரிசையாக ஜோசியக் கடைகள் முளைத்தன. இப்போது அந்தக் கடைகள் இல்லை. மகள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கை தானாகவே கைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. நானும் போன மாதம்தான் அவள் எப்போது வருவாள் என்று கேட்க ஒரு ஜோசியரிடம் போயிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள்தான் அந்தக் கூத்து நடந்தது. சோம்யோன் நிலையத்தில் ஜோன்போ பக்கம் போகும் ரயில் வந்தது. நான் முதலில் ஏறினேன், பின்னால் மகள். கூட்டத்தில் அவள் ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. என் போன் அவளுடைய பையில். முப்பத்து நான்கு வருடம் உலக வரைபடத்தைக் கரும்பலகையில் மனப்பாடமாக வரைந்தவள், அந்த ரயிலில் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி. என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். சுருட்டை முடி, பூப்போட்ட ஜாக்கெட். என் முகத்தைப் பார்த்து என்னவோ கேட்டார். நான் ரயில் வந்த திசையைக் காட்டி, "மகள்" என்று தமிழில் சொன்னேன். புரிந்தது போலத் தலையாட்டினார். அவருக்கான ரயில் வந்தது. அவர் ஏறவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன ஆரஞ்சை எடுத்து உரித்து என் கையில் வைத்தார். பிறகு, "பாப் மொகொசோயோ?" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெரியும், மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அங்கே அது நலம் விசாரிக்கும் வார்த்தை. நேர்ப்பொருள், "சோறு சாப்பிட்டீர்களா?"

அடுத்த ரயிலில் மகள் வந்து குதித்தாள். முகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. வந்த வேகத்தில், "எம்மா, ஒன்ன எங்கன்னு தேடுவேன்!" என்று அதட்டினாள். சின்ன வயதில் பனிமய மாதா தேர்க் கூட்டத்தில் அவள் கையை விட்டபோது நான் அதட்டிய அதே தொனி. பாட்டி எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார். அன்று ராத்திரி மகள் சொன்னாள்: "இன்னொரு தடவ தொலைஞ்சா நேரா யோங்தோ பாலத்துக்கு வந்துரு. நானும் வந்துருவேன்." "சரிட்டீ" என்றேன்.

மலைக்கு வருவோம். கம்சோன் கலாசார கிராமம் எல்லோரும் போட்டோவில் பார்த்திருப்பீர்கள், வண்ண வண்ண வீடுகள் படிப்படியாக. 1950-களில் ஏழைகள் குடியேறிய சரிவு அது. 2009-இல் கலைஞர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து சுவர்களுக்குச் சித்திரம் தீட்டத் தொடங்கிய பிறகு உலகமே அங்கே வருகிறது. குட்டி இளவரசன் சிலையோடு படம் எடுக்க ஒரு வரிசை நிற்கும். என் சொல்லைக் கேட்டு அந்த வரிசையை விட்டுவிட்டுச் சந்துகளில் நடங்கள். சத்தம் போடாமல் நடங்கள். அவை எல்லாம் ஆட்கள் வாழும் வீடுகள். அடுத்த மேட்டில் அமி-தோங். அங்கே ஜப்பானியரின் கல்லறைத் தோட்டம் இருந்தது. இடம் கிடைக்காத அகதிகள் கல்லறைகளின் மேலேயே வீடு கட்டினார்கள். நடுகல்லே அஸ்திவாரம், நடுகல்லே வாசற்படி. இன்றும் சில வீட்டுச் சுவரின் அடியில் அந்த எழுத்துகள் தெரிகின்றன. உயிரோடிருக்க ஒரு கூரை வேண்டும் என்ற நிலையில் மனிதர்கள் எதற்கும் பயப்படுவதில்லை.

தேயோன்-தோங்கில் ஐக்கிய நாடுகள் நினைவுக் கல்லறை இருக்கிறது. 1951-இல் அமைத்தது. பல நாடுகளைச் சேர்ந்த 2,300-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். நடுவில் ஒரு சின்ன நீரோடை. அங்கே புதைக்கப்பட்டவர்களில் மிக இளையவனான 17 வயது ஆஸ்திரேலியப் பையனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். பதினேழு என்றால் பிளஸ் டூ. அதற்கு மேல் அங்கே என்னால் நடக்க முடியவில்லை. இந்தியா அந்தப் போருக்குச் சண்டைப் படை அனுப்பவில்லை, மருத்துவப் படை அனுப்பியது. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். மகா வீர் சக்கரம் பெற்றவர். சமூக அறிவியல் ஆசிரியையாக இத்தனை வருடம் இருந்தும் உங்களுக்கு இவர் பெயரை நான் சொல்லித் தந்ததில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன். நவம்பர் 11 காலை 11 மணிக்கு பூசானில் சைரன் ஒலிக்கும், இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். அன்று நான் மகளின் அறையில் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியோடு அப்படியே நின்றேன்.

அடுத்தது கிம்ஹே. இதற்காகத்தான் நிறையப் பேர் காத்திருப்பீர்கள். "கொரிய ராணி ஒரு தமிழச்சி, பெயர் செம்பவளம்" என்ற வாட்ஸப் செய்தியை நம் குடும்பக் குழுவில் முதலில் போட்டது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். பூசானுக்குப் பக்கத்து ஊர் கிம்ஹே. இலகு ரயிலில் போகலாம், சூரோ அரசர் கல்லறை என்றே நிலையத்தின் பெயர். அரசி ஹோ ஹ்வாங்-ஓக்கின் கல்லறை தனியாக ஒரு புல்மேடு. அருகில் அவர் கப்பலில் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் கற்களால் ஆன சிறு பகோடா. கடலை அமைதிப்படுத்த ஏற்றி வந்த கற்களாம்.

13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்த 'சம்குக் யூசா' என்ற நூலில் இந்தக் கதை வருகிறது. கி.பி. 48-இல் 'அயுதா' நாட்டு இளவரசி 16 வயதில் கப்பலில் வந்து சூரோ அரசரை மணந்தார் என்கிறது. அயுதா என்றால் அயோத்தி என்பவர்கள் உண்டு, பாண்டிய நாட்டுக் கரை என்பவர்களும் உண்டு. சம்பவத்துக்கு ஆயிரத்து இருநூறு வருடம் கழித்து எழுதிய கதையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. செம்பவளம் என்ற பெயர் அந்த நூலில் இல்லை. மகள்தான் இதை எனக்கு அடித்துத் திருத்தினாள். தேர்வுத் தாளில் ஆதாரம் எங்கே என்று சிவப்பு மையில் எழுதியவளுக்கு இது வேண்டியதுதான். வாட்ஸப்பில் போட்டதற்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் கதை நல்ல கதை. கரையில் இறங்கிய அந்தப் பெண், அழைக்க வந்தவர்களோடு உடனே போகவில்லையாம். முன்பின் தெரியாதவர்கள் பின்னால் நான் எப்படி வருவேன் என்று நின்றாளாம். அரசர்தான் வந்து கூடாரம் போட்டுக் காத்திருந்தார். பிறகு தன் பிள்ளைகளில் இரண்டு பேருக்குத் தன் குடும்பப் பெயரை வைக்கச் சொன்னாள் என்று வழக்கு. கிம்ஹே ஹோ என்ற குலம் இன்றும் இருக்கிறது.

புல்மேட்டுக்கு எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். "ஏட்டி, பதினாறு வயசுப் புள்ளைய இவ்வளவு தூரம் கப்பல்ல ஏத்தி அனுப்புன அந்தத் தாய் என்ன மனுஷி?" மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "கதைல அவங்க அம்மாவும் அப்பாவும்தான் கனவு கண்டு அனுப்பி வெக்காங்க. ஓடி வரல எம்மா அவ. சொல்லிக்கிட்டுதான் வந்தா."

அவள் சொன்னதில் இருந்தது அரசி இல்லை என்று எனக்குப் புரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவளை விமானம் ஏற்றியபோது உங்கள் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையசைத்தார். நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன், முழங்கால் வலி என்று சொல்லி. அதை அவள் இத்தனை நாள் மனதில் வைத்திருந்திருக்கிறாள். அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே சொன்னதை நான் மனதில் வைத்திருந்தது போல. அந்தப் புல்வெளியில் இரண்டையும் பேசினோம். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. வெகுநேரம் பேசினோம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்களில்தான் கடல் பக்கம் போனோம். ஹேதோங் யோங்குங்சா கோயிலை விடாதீர்கள். ஹேயுண்டேயிலிருந்து 181-ஆம் எண் பஸ். 1376-இல் நிறுவப்பட்டது, போரில் அழிந்து பின்னால் மறுபடி கட்டியது. மலைக்குப் பதில் பாறைக் கடலோரத்தில் இருக்கும் புத்தர் கோயில். 108 படி இறங்க வேண்டும். ஏறவும் வேண்டும் என்பதை முழங்கால்காரர்கள் மறக்க வேண்டாம். ராத்திரி குவாங்கல்லி கரையில் உட்கார்ந்தால் எதிரே பாலம் முழுக்க விளக்கு. செலவில்லாத காட்சி. தொங்னே பக்கம் வெந்நீர் ஊற்றுக் குளியல் பிரசித்தம். ஆனால் பொதுக் குளியலறையில் பெண்கள் பெண்களாக, ஆண்கள் ஆண்களாக, ஒரு நூல் துணி இல்லாமல்தான் குளிக்க வேண்டும். நான் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். வெளியே தெருவோரத்தில் கால் மட்டும் நனைக்க இலவசத் தொட்டி உண்டு. ஊர்ப் பாட்டிகளோடு வரிசையாக உட்கார்ந்து காலை விட்டேன். அதுவே போதும்.

வாங்கி வந்தவை: கடற்பாசித் தாள், தலைமுடிக்கு ஒரு எண்ணெய், பேரன் பேத்திகளுக்குக் காலுறை, அந்தக் கணக்குப் புத்தகம். ஜாதக நகலும் அதே கைப்பையில் அதே உறையில் திரும்பி வந்தது. பதினெட்டு நாளும் அதை வெளியே எடுக்கவில்லை.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "மகள் எப்ப வர்றா, கல்யாணம் எப்ப" என்று கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். என்னிடம் பதில் இல்லை. அவளிடமும் இப்போதைக்கு இல்லை. இனி அதைக் கேட்க வேண்டாம். தனியாக இருக்கிறேனே என்று கவலைப்படுபவர்கள் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம். பூசானைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு இப்போதும் போன் போடுகிறேன். அங்கே பதினொன்றரை. "பாப் மொகொசோ?" என்கிறேன். "இல்லம்மா, இன்னிக்கு வேலை அதிகம்" என்று உண்மையைச் சொல்கிறாள். உடனே திட்டுகிறேன். பிறகு அரை மணி நேரம் பேசுகிறோம்.

அடுத்த வசந்தத்தில் மறுபடி போகிறேன். செரி பூக்கும் காலமாம். யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள். தொலைந்து போனால் எங்கே வர வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்